சொல்வதைக் கேட்பதா, செய்வதைப் பார்ப்பதா: சமூகவியலில் சர்வேயும் பரிசோதனையும்

ஆய்வேட்டுத் தலைப்போடு வரும் எம்.ஏ. மாணவர்களில் பாதிப்பேர் முதல் வரியிலேயே முறையைச் சொல்லிவிடுவார்கள்: “சார், 200 பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பப் போறேன்.” எதைத் தெரிந்துகொள்ள என்று கேட்டால்தான் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, அரிசியா பருப்பா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது மாதிரி.

அவர்களுக்காகவும், தன்னார்வ அமைப்புகளில் திடீரென்று “ஒரு சர்வே எடுங்க” என்று பணிக்கப்பட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பொதுப்படையாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு விஷயத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போவோம்: ஒரு நகரத்தில் வீட்டு உரிமையாளர்கள் சாதி பார்த்துத்தான் வீட்டை வாடகைக்கு விடுகிறார்களா?

படி 1: கேள்வியைப் பிரித்துப் போடுங்கள்

மேலே உள்ளது ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே நான்கு இருக்கின்றன. குடியிருப்பவர்களில் எத்தனை பேரிடம் வீடு தேடும்போது சாதி விசாரிக்கப்பட்டது? எந்தப் பகுதியில், எப்படிப்பட்ட உரிமையாளர்களிடம் இது அதிகம்? வருமானம், வேலை, குடும்ப அளவு எல்லாம் ஒன்றாக இருந்து சாதி மட்டும் மாறினால் வீடு கிடைக்கும் வாய்ப்பு குறைகிறதா? உரிமையாளர் தன் முடிவுக்குத் தனக்கே என்ன நியாயம் சொல்லிக்கொள்கிறார்?

முதல் இரண்டுக்கும் சர்வே வேண்டும். எவ்வளவு, எங்கே, யாரிடம் என்பதைச் சொல்ல அதைவிட நல்ல கருவி இல்லை. மூன்றாவதற்குப் பரிசோதனை வேண்டும்: ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, என்ன ஆகிறது என்று பார்ப்பது. ‘இதனால்தான் அது’ என்று சொல்வதற்கு சர்வே போதாது. நான்காவதற்கு இரண்டுமே உதவாது. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேச வேண்டும்.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஓர் இளம் சீனத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு காரில் நாடு முழுக்கச் சுற்றினார். சீனர்கள் மீது அங்கே கடுமையான வெறுப்பு இருந்த காலம். விடுதிகளும் உணவகங்களுமாக 251 இடங்களுக்குப் போனார்கள். இடமில்லை என்றது ஒரே ஒரு இடம். சில மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, “சீனர்களை வாடிக்கையாளராக ஏற்பீர்களா?” என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மாட்டோம் என்றார்கள். 1934இல் வெளியான கட்டுரை இது.

குறையும் சொல்ல வேண்டும். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று கவுன்டரில் நின்றவரும் ஒரே ஆளா என்று தெரியாது. தம்பதியோடு வெள்ளைக்காரரான லபியரும் போனார் என்பது சின்ன விஷயமில்லை. ஆனாலும் அடிப்படைப் பாடம் மாறாது: சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. வாடகை வீட்டு விஷயத்தில் இது தலைகீழாக நடக்கும். கேட்டால் “அதெல்லாம் யாருங்க இப்போ பாக்குறாங்க” என்பார்கள். வீடு கேட்டுப் போனால் ‘நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு.’

படி 2: யாரைக் கேட்பது

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் மாதிரி எடுப்பதன் தத்துவமே. ஆனால் அது சோற்றுக்குப் பொருந்துவதற்குக் காரணம், எல்லா அரிசியும் ஒரே பானையில், ஒரே தண்ணீரில் வெந்தது. ஒரு நகரம் அப்படி வேகவில்லை. மேலாக இருப்பதை மட்டும் கரண்டியில் எடுத்தால் அடிப்பிடித்தது தெரியாது.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஏறத்தாழ ஒரு கோடி கருத்துக்கணிப்புச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்துக் குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். சுமார் 50,000 பேரைக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார். டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவுப் பட்டியலிலும் பெயர் எடுத்ததால் வசதியானவர்கள் அதிகம் சேர்ந்துவிட்டார்கள் என்பது பாதிக் காரணம். சீட்டைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு ஆத்திரம் யாருக்கு இருந்தது என்பது மீதிப் பாதி. கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுக்களில் தள்ளிவிடும் ஒவ்வொருவரும் இந்த இரண்டு தவறையும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள்.

நம் ஆய்வுக்கு வருவோம். வாடகைக்குக் குடியிருப்போர் பட்டியல் என்று எங்கும் கிடையாது. வாக்காளர் பட்டியல் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வாடகைக்கு வந்தவர்களில் பலர் ஓட்டைச் சொந்த ஊரிலேயே வைத்திருப்பார்கள். நாம் தேடுகிற ஆட்களே விடுபட்ட பட்டியல் அது.

அப்போது என்ன செய்வது? பட்டியலை நாமே உருவாக்க வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று, 2019–21இல் 6,36,699 வீடுகளில் நடந்ததும் இந்த வழியில்தான். முதலில் கிராமங்களையும் நகரக் கணக்கெடுப்புத் தொகுதிகளையும் குலுக்கலில் எடுப்பது. எடுத்த இடத்தில் எல்லா வீட்டையும் பட்டியலிடுவது. அந்தப் பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் 22 வீடுகளைப் பொறுக்குவது. நம் நகரத்தில் 40 தொகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் போடலாம். மாடிப் போர்ஷன், பின்கட்டு ஒற்றை அறை, கடைக்கு மேலே உள்ள ரூம் எதையும் விடக் கூடாது. வாசலில் ஒரு கதவு இருந்தால் உள்ளே ஒரே குடும்பம் என்று நினைக்காதீர்கள். மின் மீட்டர்களை எண்ணுங்கள்.

பட்டியல் போடும்போது வார்த்தையிலும் கவனம் வேண்டும். நகரத்தை ஒட்டிய கிராமத்தில் “இந்த ஊர்ல எத்தனை வீடு?” என்று கேட்டுப் பாருங்கள். “இருநூறு” என்று பதில் வரும். பல இடங்களில் அந்த இருநூறில் காலனி வீடுகள், அதாவது தலித் குடியிருப்பு, சேராது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பேச்சில் ‘ஊர்’ என்றால் ஊர்த்தெரு மட்டும். நீங்கள் பாகுபாட்டை அளக்கப் போய், முதல் நாளே அந்தப் பாகுபாட்டின் வரைபடத்தை உங்கள் மாதிரிக்குள் எழுதிக்கொண்டு வந்துவிடுவீர்கள். பஞ்சாயத்து எல்லை எதுவரை என்று கேட்டு, எல்லையை நீங்களே நடந்து பாருங்கள்.

எத்தனை பேர்? 95 சதவீத நம்பிக்கையோடு, ஐந்து புள்ளி கூடக் குறைய இருக்கலாம் என்றால் 384. மூன்று புள்ளி என்றால் 1,067. நகரத்தில் ஒரு லட்சம் பேர் இருந்தாலும் பத்து லட்சம் பேர் இருந்தாலும் இந்த எண்கள் அநேகமாக மாறாது. இதை நம்ப வைக்கத்தான் வகுப்பில் அதிக நேரம் செலவாகும். ஆனால் 384 என்பது தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால்தான். ஒரே தெருவில் 20 பேரை எடுத்தால் அவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள்; இருபது பேர் இருபது தகவல் ஆக மாட்டார்கள். அந்த ஒப்புமை (ஒற்றுமையே இல்லை என்றால் 0, எல்லோரும் ஒரே மாதிரி என்றால் 1) 0.05 என்று வைத்துக்கொண்டால், இருபதில் ஒன்று குறைய வரும் 19ஐ அதால் பெருக்கி ஒன்றைக் கூட்ட 1.95 வரும். அதாவது 384 பேர் ஏறத்தாழ 750 ஆக வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் “384 பேர் எடுத்தேன்” என்று எழுதிய ஆய்வேடுகளை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும்.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதையும் குலுக்கலே முடிவு செய்யட்டும். பகலில் போனால் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்ணோ பெரியவரோதான். அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரிடம் கேட்பது எளிய வழி. நம் ஆய்வில் மட்டும் ஒரு விதிவிலக்கு: வீடு தேடி அலைந்தவர் யாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

படி 3: கேள்விகளை எழுதுவது

நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். “உங்களுக்குச் சாதிப் பாகுபாடு நேர்ந்ததா?” என்று கேட்காதீர்கள். ‘பாகுபாடு’ என்பது நம் முடிவு. அவருக்கு நேர்ந்தது ஒரு சம்பவம். சம்பவத்தைக் கேளுங்கள். இந்த வீடு கிடைப்பதற்கு முன் எத்தனை வீடு பார்த்தீர்கள்? கடைசியாகக் கிடைக்காமல் போன வீட்டில் உரிமையாளர் என்னவெல்லாம் விசாரித்தார்?

பிறகு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசியுங்கள். சொந்த ஊர் எது என்று கேட்டாரா? ஊரில் எந்தத் தெரு என்று? சைவமா அசைவமா என்று? குலதெய்வம் எது என்று? “நீங்க என்ன ஆளுங்க” என்று நேராகவே கேட்டாரா? சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே சாதியைக் கேட்கப் பத்து வழிகள் இருக்கின்றன. ‘சைவம் மட்டும்’ என்று டூலெட் போர்டிலேயே எழுதிவிட்டால் விசாரிக்கும் சிரமமும் மிச்சம். இந்தப் பத்து வழிகளைப் பத்துக் கேள்விகளாக்குவதுதான் வினாப்பட்டியல் எழுதுகிறவரின் வேலை.

இந்திய மனித மேம்பாட்டு சர்வே 2011–12இல் 42,152 வீடுகளில் இதே சிக்கலை நேரடியாகச் சந்தித்தது. முதலில் உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம் இன்னொரு கேள்வி: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ பிரச்சினை இருக்குமா? இரண்டையும் சேர்த்து 27 சதவீதக் குடும்பங்கள் ஏதோ ஒரு வடிவில் தீண்டாமையை ஒப்புக்கொண்டன. ‘தீண்டாமை’ என்ற சொல்லுக்கு இல்லை என்றவர்களில் ஒரு பகுதியினர் ‘பாத்திரம்’ என்றதும் ஆமாம் என்கிறார்கள். ஆனால் இதுவும் அவர்களே வாயால் ஒப்புக்கொண்ட அளவு மட்டும்தான்.

தமிழில் இருக்கும் ஒரு கண்ணியைச் சொல்கிறேன். “நம்ம தெருவுல”, “நம்ம ஆளுங்க” என்று களப்பணியாளர் பேசினால், பதில் சொல்பவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறார். ‘நம்ம’ என்ற ஒரு சொல்லிலேயே ‘இவர் நம்ம சாதிதான் போல’ என்று எதிராளி முடிவு கட்டிவிடுவார். அதற்கேற்ற பதில் வரும். ‘இந்தத் தெருவில்’ என்று எழுதிக் கொடுங்கள், அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள்.

“முழுமையாக உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன், நடுநிலை” என்ற ஐந்து படி அளவுகோலும் தமிழ் வாயில் நுழையாது. யாரும் அப்படிப் பேசுவதில்லை. இரண்டாக உடையுங்கள்: “இது சரியா, தப்பா?” பதில் வந்ததும், “ரொம்பவா, கொஞ்சமா?” அதோடு, வந்தவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே எதற்கும் ‘ஆமாங்க’ போடுகிறவர்கள் உண்டு. அதனால் பாதி வாக்கியங்களை எதிர்த் திசையில் எழுதுங்கள். ஆனால் இரட்டை எதிர்மறை வேண்டாம். “சாதி பார்க்காமல் இருப்பது தவறில்லை என்பதை மறுக்கிறீர்களா?” என்று ஒரு வரைவில் பார்த்தேன். எழுதியவருக்கே பதில் தெரியவில்லை.

ஞாபகம் எவ்வளவு தூரம் போகும் என்பதும் சாதாரண விஷயமில்லை. 1999–2000இல் தேசிய மாதிரி ஆய்வின் 55ஆவது சுற்றில், உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். ஒரு கட்டத்தின் பதில் மற்றதை இழுத்தது என்ற சர்ச்சை கிளம்பியது. 1993–94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 ஆகக் குறைந்தது என்ற அரசுக் கணக்கில் எவ்வளவு உண்மைக் குறைவு, எவ்வளவு கட்டம் போட்டதால் வந்த குறைவு என்று பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். நம் ஆய்வில் ‘கடைசியாகத் தேடிய வீடு’ என்று நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

சாதி, வருமானம் இரண்டையும் கடைசியில் கேளுங்கள். முதல் பக்கத்தில் கேட்டால் மிச்சப் பக்கங்கள் எல்லாம் அதற்குப் பதில் சொல்கிற மாதிரியே ஓடும்.

படி 4: முன்னோட்டமும் களமும்

வேறு வார்டில் 30 பேரிடம் முழுப் பட்டியலையும் ஓட்டிப் பாருங்கள். பதில்கள் முக்கியமில்லை. கேட்டு முடித்ததும், “இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது?” என்று கேளுங்கள். அப்போதுதான் ‘அட்வான்ஸ்’ என்பதைப் பாதிப்பேர் புரோக்கர் கமிஷனும் சேர்த்துச் சொன்னது தெரியவரும்.

கேட்பவர் யார் என்பது பதிலை மாற்றும். ஒரே சாதியைச் சேர்ந்த ஆண்கள் மட்டும் களத்துக்குப் போனால், கிடைத்தது நகரத்தின் நிலையா, அந்த ஆண்களிடம் சொல்லத் தக்கது மட்டுமா என்று பிரிக்க முடியாது. கலந்து எடுங்கள். யார் எந்தத் தெருவுக்கு என்பதையும் குலுக்கிப் போடுங்கள். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும். பக்கத்து வீட்டைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது கூடாது. பூட்டிய வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறவர். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் இருப்பவர். இருவரும் ஒன்றில்லை.

மரத்தடியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பும் பழக்கம் சர்வே பிறந்த நாளிலிருந்தே உண்டு. நான் மேற்பார்த்த ஓர் ஆய்வில் ஒருவருடைய நேர்காணல்கள் எல்லாமே பதினோரு நிமிடத்தில் முடிந்திருந்தன. மற்றவர்களுக்குச் சராசரி முப்பத்தைந்து. பதில்களோ அழகாக, சீராக, ஒரு முரண்பாடும் இல்லாமல். உண்மையான மனிதர்களின் பதில்கள் அவ்வளவு சீராக இருக்காது. போன் போட்டுப் பார்த்ததில் ஆறு வீட்டில் யாருமே வந்ததாக ஞாபகம் இல்லை. அவரைத் திட்டியது போக, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படிவம் என்று இலக்கு வைத்தது யார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வைத்தது நான்தான். பத்தில் ஒரு வீட்டை மறுபடி சரிபார்ப்பதை அன்றிலிருந்து விட்டதில்லை. இலக்கை ஐந்தாகக் குறைத்ததையும்.

படி 5: சர்வேக்குள்ளேயே ஒரு பரிசோதனை

உரிமையாளர்களிடம் நேரடியாகக் கேட்டால் உண்மை வராது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. உரிமையாளர்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு நான்கு வாக்கியம் வாசியுங்கள்: சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு வீடு தரத் தயங்குவேன், நாய் வளர்ப்பவருக்குத் தயங்குவேன் என்பது போல. எவையெவை என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். இன்னொரு குழுவுக்கு அதே நான்கோடு ஐந்தாவதாகச் சாதி பற்றிய ஒரு வாக்கியம். முதல் குழுவின் சராசரி 2.1, இரண்டாவதின் சராசரி 2.4 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.3. அதாவது சுமார் 30 சதவீதம் பேருக்கு ஐந்தாவது வாக்கியம் பொருந்துகிறது. யார் என்று உங்களுக்கும் தெரியாது, அதனால்தான் சொல்கிறார்கள். நேரடிக் கேள்விக்கு 8 சதவீதம் மட்டும் ஆமாம் என்றிருந்தால், அந்த இடைவெளியே உங்கள் கண்டுபிடிப்பு.

இன்னொரு வழி, கதை அட்டை. ஒரே குடும்பத்தைப் பற்றிய நான்கு வரி விவரம். ஒரு விவரம் மட்டும் இரண்டு அட்டையில் இரண்டு விதம். யாருக்கு எந்த அட்டை என்பது குலுக்கல். அட்டைதான் வேண்டும் என்றில்லை, குரலையும் மாற்றலாம். மேற்கு வங்கத்தில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், கிராமத் தலைவரின் ஒரே உரையைச் சிலருக்கு ஆண் குரலிலும் சிலருக்குப் பெண் குரலிலும் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரைக் கண்டிராத கிராமங்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவான மதிப்பெண் போட்டார்கள்.

படி 6: முழுப் பரிசோதனை

எல்லாமே குலுக்கலில்தான் நிற்கிறது. இரு குழுவையும் சீட்டுப் போட்டுப் பிரித்தால், வயது, வருமானம், குணம், நமக்குப் பெயர் தெரியாத மற்ற நூறு விஷயங்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழும். மீதம் இருக்கும் ஒரே வித்தியாசம் நாம் மாற்றியது மட்டும். ஒன்று விட்டு ஒன்று பிரிப்பது குலுக்கல் ஆகாது. அடுத்தது எந்தக் குழு என்று களப்பணியாளருக்குத் தெரிந்துவிட்டால், கோபக்கார வீட்டுக்காரரைத் தாண்டிப் போய்விடுவார். கணினியில் முன்கூட்டியே வரிசையைப் போட்டு உறையில் ஒட்டிவிடுங்கள்.

இதன் வலிமையைக் காட்ட நான் வகுப்பில் எப்போதும் சொல்வது கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்தில் செய்த ஆய்வு. ஆறாவது, ஏழாவது படிக்கும் 642 பையன்கள்; பாதிப்பேர் உயர் சாதி, பாதிப்பேர் தாழ்த்தப்பட்ட சாதி. காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்கள், சரியாகப் போட்டால் காசு. சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காத குழுக்களில் இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி போட்டார்கள். வேறு சில குழுக்களில், புதிர் தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். அங்கே தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை கணிசமாக விழுந்தது. புதிர் அதேதான், காசும் அதேதான். வாசித்தது மட்டும்தான் வேறு. எந்த சர்வேயிலும் இதைக் காட்ட முடியாது. ‘வாசித்ததால் உன் மதிப்பெண் குறைந்ததா’ என்று அந்தப் பையனிடம் கேட்டால் அவனுக்கே தெரியாது.

வேலைச் சந்தையில் நம் ஆய்வுக்கு நேர் மூத்தது சுகதேவ் தோரட், பால் ஆட்டவெல் இருவரின் 2007 ஆய்வு. பத்திரிகைகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி சமம், பெயர் மட்டும் உயர் சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று மாறியது. நேர்முகத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம், உயர் சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

இதை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரலாம் என்று கிளம்பினால் முதல் அடியிலேயே தடுக்கும். வடக்கே பெயரின் பின்பாதி சாதியைச் சொல்லிவிடுகிறது. இங்கே 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. அடுத்தடுத்த தலைமுறைகள் இனிஷியலுக்கு மாறிவிட்டன. ச. முருகன் என்ற பெயரைப் பார்த்து என்ன சாதி என்று சொல்ல முடியாது. மதம் தெரியும், சாதி தெரியாது. அந்தக் காரணத்தால்தான் உரிமையாளர்கள் சொந்த ஊர், தெரு, குலதெய்வம் என்று சுற்றி வளைக்கிறார்கள். ஆகவே பரிசோதனையில் மாற்ற வேண்டியது பெயரை அல்ல, அந்தச் சுற்றுவழித் தகவலை. போனில் வீடு விசாரிக்கும்போது ஒருவர், “அப்பா ஊர்ல காலனிலதான் இருக்காங்க” என்று பேச்சுவாக்கில் சொல்ல வேண்டும். இன்னொருவர் அந்த இடத்தில் வேறொரு தெருவைச் சொல்ல வேண்டும். சம்பளம், குடும்பம், பேசும் நடை மற்றதெல்லாம் ஒன்று. சொன்னதை எதிராளி சாதியாகப் புரிந்துகொண்டாரா என்பதை முன்னோட்டத்தில் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும். காதில் விழாத தகவலுக்கு விளைவு இருக்காது. ‘பாகுபாடே இல்லை’ என்று தப்பாக எழுதிவிடுவோம்.

நேரில் ஆள் அனுப்பும் முறையும் உண்டு. அமெரிக்காவில் டேவா பேஜர் மில்வாக்கி நகரில் இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார், 2003இல் வெளியானது. குற்றப் பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 சதவீதம், பதிவு உள்ள வெள்ளையருக்கு 17, பதிவே இல்லாத கறுப்பருக்கு 14, பதிவு உள்ள கறுப்பருக்கு 5 என்று அழைப்பு வந்தது. நடுவில் உள்ள இரண்டு எண்களை இன்னொரு முறை பாருங்கள். ஆனால் நேரில் போகிறவர்களின் உடையும் தோரணையும் சமமாக இருக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். மாணவர்களுக்குப் போனே போதும்.

சாதகமான பதில் ஒரு குழுவுக்கு 40, இன்னொன்றுக்கு 30 சதவீதம் என்ற வித்தியாசத்தைப் பிடிக்க, குழுவுக்கு ஏறத்தாழ 350 அழைப்பு தேவை. ஐந்து புள்ளி வித்தியாசம்தான் இருக்கும் என்று தோன்றினால் அது நான்கு மடங்காகும். ஐம்பது அழைப்பு செய்துவிட்டு ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதாதீர்கள். பார்க்கத் தேவையான கண்ணாடியை நீங்கள் போட்டுக்கொள்ளவே இல்லை. எதை அளப்பீர்கள், எப்படி ஒப்பிடுவீர்கள் என்பதையும் முதல் அழைப்புக்கு முன்பே எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

சில நேரம் அரசே நமக்காகச் சீட்டுக் குலுக்கிவிடும். பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு தந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சில மாநிலங்களில் எந்தப் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்பது சமவாய்ப்பு முறையில் முடிவானது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் இதைப் பயன்படுத்தி, பெண் தலைவர்கள் வந்த பஞ்சாயத்துகளில் குடிநீருக்குக் கூடுதல் செலவு ஆவதைக் காட்டினார்கள். இப்படி ஒன்று கையில் கிடைத்தால் விடாதீர்கள். செலவே இல்லை.

படி 7: நெறி

உரிமையாளரிடம் பொய் சொல்லி நேரம் வாங்குகிறோம். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அழைப்பு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும், வீடு பார்க்க வருவதாகச் சொல்லிக் காத்திருக்க வைக்கக் கூடாது, சாதகமான பதில் வந்ததும் அன்றே ‘வேறு வீடு கிடைத்துவிட்டது’ என்று சொல்லிவிட வேண்டும். எந்த உரிமையாளரின் அடையாளமும் அறிக்கையில் வரக் கூடாது. கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு போன்கூடப் போடாதீர்கள். இந்தக் குழுக்கள் வந்த கதை கொடுமையானது: அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, மேக நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு மருந்து இருந்தும் கொடுக்காமல் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

சர்வேயில் பெயர், போன் எண் ஒரு கோப்பில். சாதி, வருமானம் இன்னொரு கோப்பில். இரண்டையும் இணைக்கும் எண் மூன்றாவது இடத்தில். யார் எந்தச் சாதி, எந்த வீட்டில் என்ற பட்டியல் தப்பான கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

படி 8: கணக்கும் எழுத்தும்

மென்பொருள் எதுவானாலும் சரி. சர்வே என்றால் எடை போடாமல் (தேர்வாகும் வாய்ப்பு குறைவாக இருந்தவர்களின் பதிலுக்குக் கூடுதல் மதிப்புத் தராமல்) சதவீதம் சொல்லாதீர்கள். எத்தனை வீடு தேர்வானது, எத்தனை பூட்டியிருந்தது, எத்தனை பேர் மறுத்தார்கள் என்ற மூன்று எண்களும் முதல் அட்டவணையில் வரட்டும். தலித் குடியிருப்போர் சராசரியாக அதிக வீடு பார்த்து அலைந்திருக்கிறார்கள் என்று சர்வே காட்டினால் அவ்வளவுதான் எழுதலாம். சம்பளம் குறைவு என்பதாலா, வேலை நிரந்தரமில்லை என்பதாலா என்று எதிர்க்கேள்வி வரும். புள்ளியியலில் அதைச் சமன்படுத்தினாலும் அளக்காத ஒன்று எப்போதும் மிச்சமிருக்கும். அந்த இடத்தில் பரிசோதனையின் எண்ணை வையுங்கள். பரிசோதனையின் பலவீனம் வேறு: அந்த 700 அழைப்பும் போன் எண்ணோடு விளம்பரம் போட்ட உரிமையாளர்களுக்கு மட்டும் போனவை. சொந்தக்காரர் மூலமும் புரோக்கர் மூலமும் கைமாறும் வீடுகள் அதில் வரவே இல்லை. அவை எத்தனை பங்கு என்பதை சர்வே சொல்லும்.

ஆறு மாதமும் ஒரு ஆளும்தான் கையில் இருக்கிறது என்றால் நகரம் முழுக்க வேண்டாம். நான்கு வார்டு எடுங்கள். முதல் மாதம் பட்டியல், இரண்டாவது மாதம் வினாப்பட்டியலும் முன்னோட்டமும், அடுத்த இரண்டு மாதம் குடியிருப்போர் 250 பேரிடம் நேர்காணல், அதே வீடுகளின் உரிமையாளர்களில் கிடைத்தவர்களிடம் இரண்டு வகைக் கதை அட்டை. போன் பரிசோதனையை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பின்னிணைப்பில் கேள்விகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் போடாமல், வாசலில் நின்று எந்தத் தமிழில் கேட்டீர்களோ அதே தமிழில், ‘அட்வான்ஸ்’, ‘போர்ஷன்’ உட்பட அச்சிடுங்கள்.